வார்த்தையே இல்லாம பாடின செலென்டானோ

யூடியூப்ல ஒரு பழைய கருப்பு வெள்ளை வீடியோ அப்பப்ப சுத்திக்கிட்டே இருக்கும், நிறைய பேர் பாத்திருப்பீங்க. பின்னாடி கண்ணாடிச் சுவர், ஒரு பொண்ணு முடிய சுழட்டி சுழட்டி ஆடுவாங்க, நடுவுல ஒரு ஆளு மூஞ்சில எந்த உணர்ச்சியும் இல்லாம ஏதோ இங்கிலீஷ் பாட்டு பாடிட்டு இருப்பாரு. அந்தப் பொண்ணு ராஃபாயெல்லா கார்ரா, இத்தாலி டிவில பெரிய ஸ்டார். அந்த ஆளு அட்ரியானோ செலென்டானோ, இத்தாலியோட பாடகர், நடிகர். பாட்டு இங்கிலீஷே கிடையாது! நடுவுல வர்ற "ஆல் ரைட்" தவிர மிச்சம் எல்லாம் சும்மா சத்தம்தான். பாட்டோட பேரு பிரிசென்கோலினென்சினாயின்ச்சூசோல், இத ஒரு தடவைக்கு மேல டைப் பண்ண முடியாது, மன்னிச்சுக்கோங்க.

பாட்டு வந்தது 1972ல, அந்த டான்ஸ் வீடியோ 1974ல ஒரு டிவி ஷோவுல எடுத்தது. மனுஷங்க ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சிக்கிறதே இல்ல, அதப் பத்தி ஒரு பாட்டு பண்ணணும்னு தோணுச்சாம், அதான் யாருக்குமே புரியாத மாதிரி பண்ணிட்டேன்னாரு. இன்னொரு டிவி நிகழ்ச்சில வாத்தியார் வேஷம் போட்டு பொண்ணுங்க நிறைஞ்ச கிளாஸ் ரூம்ல நின்னு இதே விளக்கத்த சொல்லிட்டு அதே பாட்ட பாடுவாரு, எனக்கு கண்ணாடி வீடியோவ விட அதுதான் ரொம்ப புடிக்கும்.

ஆனா இந்த கிண்டல் அவருக்கு திடீர்னு வந்தது இல்ல. 1938 ஜனவரில மிலான்ல பொறந்தாரு, ரயில் ஸ்டேஷன் பக்கத்துல வியா க்ளுக்னு ஒரு தெரு, பதினாலாம் நம்பர் வீடு. அப்பா அம்மா தெற்குல பூலியாலேர்ந்து பொழப்பு தேடி வந்தவங்க. படிப்ப சீக்கிரமே விட்டுட்டு வாட்ச் ரிப்பேர் வேலைக்கு போனாரு. சும்மா இருக்கிற நேரத்துல அமெரிக்க காமெடி நடிகர் ஜெரி லூயிஸ் மாதிரி மிமிக்ரி பண்றது, அப்புறம் அமெரிக்கப் பாடகர் பில் ஹேலியோட ராக் அண்ட் ரோல் காதுல விழுந்ததும் அதோட ஆளு காலி. 1957 மே மாசம் மிலான்ல ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கத்துல இத்தாலியோட முதல் ராக் அண்ட் ரோல் ஃபெஸ்டிவல் நடக்குது, மேடையில இவரு. கூட இருந்த பசங்கள்ல ஜார்ஜோ காபெரும் என்சோ ஜன்னாச்சியும் அடக்கம், ரெண்டு பேருமே பின்னாடி தனித்தனியா பெரிய ஆளானவங்க. இங்கிலீஷ் சரியா வராது, காதுல கேட்டத அப்படியே ஒப்பிச்சு உடம்ப ஆட்டி பாடுவாரு. இத்தாலிய டைரக்டர் ஃபெல்லினியோட லா தோல்சே வீதா படத்துல (1960) ரோம்ல ஒரு நைட் பார்ட்டில ஒரு ஒல்லிப் பையன் ரெடி டெடிங்கிற இங்கிலீஷ் பாட்ட பாடுவான்ல, அது இவருதான், அந்த பாட்ட கவனிச்சுக் கேளுங்க, பாதி வார்த்தை வார்த்தையே இல்ல. பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்த அந்த பாட்டுக்கு விதை இங்கயே இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

இத்தாலிக்காரங்க அவருக்கு வச்ச பட்டப்பேரே ஸ்பிரிங் வச்ச ஆளுங்கிற மாதிரிதான். 1961ல சான்ரேமோ பாட்டுப் போட்டி, அப்ப இவரு மிலிட்டரி சர்வீஸ்ல இருக்காரு, பாதுகாப்பு மந்திரியா இருந்த ஆந்த்ரேயோத்தி ஸ்பெஷல் பெர்மிஷன் குடுத்துதான் வர முடிஞ்சது. வந்தவரு இருபத்தி நாலாயிரம் முத்தம்னு பாட்ட ஆரம்பிக்கும்போது ஆடியன்ஸுக்கு முதுக காட்டிட்டு நின்னாரு. கோட் சூட் போட்டுட்டு நெஞ்சுல கை வச்சு காதல் பாட்டு பாடுற மேடை அது, நினைச்சுப் பாருங்க. பெரிய சத்தம் கிளம்புச்சு, பாட்டு ரெண்டாவது இடம், முதல் பரிசு வாங்கின பாட்ட விட இத்தன வருஷம் கழிச்சும் ஜனங்க பேசுறது இதப் பத்திதான். இதுல ஒரு கூத்து, அந்த பாட்ட எழுதினவங்கள்ல ஒருத்தர் லூச்சியோ ஃபுல்சி, பின்னாடி ரத்தம் தெறிக்கிற ஹாரர் படமா எடுத்துத் தள்ளின அதே டைரக்டர்!

அதே வருஷக் கடைசில அமெரிக்கப் பாடகர் சினாட்ராவோட கூட்டாளிகள் கூட்டத்த பாத்து ஆசைப்பட்டு க்ளான்னு சொந்த மியூசிக் கம்பெனி ஆரம்பிச்சாரு. பாதி ஆபீஸ், பாதி நண்பர்கள் கூட்டம். அதனால யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாம போச்சு, அதோட நல்லதும் கெட்டதும் அவரு கெரியர் பூரா தெரியும்.

நல்லது எதுன்னா வியா க்ளுக் பையன் பாட்டு. புல்வெளி ஓரமா இருந்த வீட்ட விட்டு சிட்டிக்கு போற பையன் அழுவுறான், கூட்டாளி ஏன்டா அழுவுற நீ போய் வசதியா இருக்கப் போறன்னு கேக்குறான், பல வருஷம் கழிச்சு காசோட திரும்பி வந்தா புல்லே இல்ல, வீட்டு மேல வீடு, தாரும் சிமென்ட்டும். 1966 சான்ரேமோல முதல் ரவுண்ட்லயே போட்டிய விட்டு தூக்கிட்டாங்க. அப்புறம் அது எப்படி பரவுச்சுன்னு சொல்லணுமா, பிரான்ஸ்ல பாடகி பிரான்ஸ்வாஸ் ஆர்தி கூட அதே வருஷம் பிரெஞ்சுல பாடினாங்க. சுற்றுச்சூழல்ங்கிற பேச்சே பெருசா இல்லாத காலத்துல, எந்த உபதேசமும் பண்ணாம, வீட்ட விட்டு போன ஒரு பையன் கதையா சொன்னதுதான் அதோட பலம். நான் அழுதேன்னு சொன்னா நம்புவீங்களான்னு தெரியல.

அஸ்ஸூர்ரோன்னு இன்னொரு பாட்டு, 1968, பாவ்லோ கோன்தே மெட்டு, அதப் பத்தி தனியா எழுதணும். 1970ல மனைவி க்ளாவ்தியா மோரியோட சேர்ந்து சான்ரேமோல ஜெயிச்சாங்க, வேலை செய்யாதவனுக்கு காதலும் இல்லன்னு ஒரு பாட்டு, நாடே ஸ்ட்ரைக்ல கொதிச்சுட்டு இருந்த நேரம், அதனால வாங்கிக் கட்டிக்கிட்டதும் உண்டு.

நடிப்புக்கு வர்றேன். பியேத்ரோ ஜெர்மி எடுத்த செராஃபினோல (1968) ஆடு மேய்க்கிறவரா வருவாரு, அடுத்த வருஷம் அந்தப் படத்துக்கு மாஸ்கோ திரைப்பட விழால பரிசு கிடைச்சது. ஆனா ஜனங்க மனசுல நிக்கிறது 1980ல வந்த இல் பிஸ்பேத்திகோ தோமாத்தோ. ஷேக்ஸ்பியரோட அடங்காப்பிடாரி கதைய தலைகீழாத் திருப்பி, அடக்க வேண்டியது பொண்ண இல்ல ஆம்பளையன்னு மாத்திட்டாங்க. எலியாங்கிற சிடுமூஞ்சி விவசாயி, பொண்ணுங்கன்னாலே எரிஞ்சு விழுவாரு, மழையில கார் நின்னு போய் வீட்டுக்குள்ள வர்றாங்க ஓர்னெல்லா மூத்தி. அதுல ஒரு சீன், பெரிய தொட்டில திராட்சைய காலால மிதிச்சு சாறு எடுக்கணும், மனுஷன் அத மியூசிக்குக்கு ஏத்த மாதிரி மிதிச்சு மிதிச்சு அப்படியே டான்ஸாவே ஆக்கிடுவாரு, முகத்துல மட்டும் ஒரு சிரிப்பு கிடையாது. டயலாக் எதுவும் தேவைப்படல. சோவியத் யூனியன்ல அந்தப் படம் எக்கச்சக்க ஹிட், இன்னிக்கும் ரஷ்யாக்காரங்க கிட்ட இவரு பேர சொன்னா முகம் மலரும்னு சொல்லுவாங்க. அடுத்த வருஷம் அதே ஜோடி, இவரு ரோம்ல பஸ் டிரைவர், அவங்க இளவரசி, இன்னொரு ஹிட்.

மேல சொன்ன கெட்டது இங்கதான் வருது, என் புகாரும் அதுதான். உடம்பாலயும் முழியாலயும் இவ்வளவு பேசத் தெரிஞ்ச ஆளு, வாயத் தொறந்து கருத்து சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. 1985ல யோவான் லூயின்னு ஒரு படம், உலகத்த திருத்த வந்த தீர்க்கதரிசி மாதிரி தானே நடிச்சு தானே டைரக்ட் பண்ணாரு, கொட்டின காசுக்கு ஏத்த வசூல் வரல, படமும் நகரவே நகராது. 1987ல சனிக்கிழமை ராத்திரி அரசு டிவி ஷோ கைக்கு வந்தப்ப நடுவுல பேச்ச நிறுத்திட்டு சும்மா நிப்பாரு, லைவ்ல, நிமிஷக் கணக்குல! அந்த மௌனம் பிரமாதம். ஆனா அதே ஷோவுல நாட்டுல நடந்த பொது ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் ராத்திரி, ஓட்டுச்சீட்டுல வேட்டைக்கு எதிரா எழுதிட்டு வாங்கன்னு சொல்லி கோர்ட் வரைக்கும் போயிடுச்சு. 2012 சான்ரேமோல பாட வந்தவரு கத்தோலிக்க பத்திரிகைகளத் திட்டி நீளமா பிரசங்கம் பண்ணாரு, மறுநாள் நாடே அடிச்சுக்கிச்சு. திட்டினது சரியா தப்பாங்கிறது வேற, எனக்கு போர் அடிச்சது, அவ்வளவுதான்.

நடுவுல 1999ல ஒரு ஆல்பம், மொகோல் வரிகள், ஜியான்னி பெல்லா மியூசிக், எனக்கு காதலப் பத்தி பேசத் தெரியாதுன்னு அர்த்தம் வர்ற தலைப்பு, இருபது லட்சத்துக்கு மேல வித்துச்சு. அறுபது வயசுக்கு மேல, குரல் கரகரத்து, அவசரமே இல்லாம பாடியிருப்பாரு.

புதுசா பாக்கப் போறவங்க திராட்சை சீன்ல ஆரம்பிங்க, அப்புறம் வாத்தியார் வேஷ வீடியோ, அப்புறம் வியா க்ளுக் பாட்ட வரிகளோட அர்த்தத்தப் பாத்துட்டு கேளுங்க. யோவான் லூயி படத்த யாராவது முழுசா உக்காந்து பாத்திருந்தா கமென்ட்ல சொல்லுங்க, எப்படி தாங்குனீங்கன்னு தெரிஞ்சுக்கணும்.