மாசிப் பௌர்ணமியும் ஒரு துறவி நண்டும்

18.2.2024, ஞாயிறு, காட்பாடி

விலங்கியல் படித்து முடித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. கொட்டலசு (பார்னக்கிள்), கடல் சாமந்தி (சீ அனிமோன்), கடல் முள்ளெலி எல்லாம் படம் வரைந்து மார்க் வாங்கியவைதான். உயிரோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கல்லூரி ஆய்வகத்தில் பார்மலின் பாட்டிலுக்குள் வெளுத்துப்போய் ஏதோ ஒன்று கிடக்கும். லேபிளைப் படித்தால்தான் அது சாமந்தியா, ஊறப்போட்ட புளியா என்று தெரியும். இப்போது ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கடல் சம்பந்தமாக எங்கள் வீட்டில் இருப்பது லவ்பேர்ட்ஸ் கூண்டில் சொருகிய கணவாய் ஓடு மட்டும்.

லோடு இறக்கும் அண்ணன் குடியாத்தம் பக்கத்து இருளர். மாசி மகத்துக்கு வருஷாவருஷம் குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்க் கடற்கரையில் கன்னியம்மனைக் கும்பிட்டு வருவார். "வேன்ல ஒரு சீட்டு கீது, வர்றியா தம்பி?" என்றார். உடனே சரி என்றேன். அவருக்கு அம்மன், எனக்கு வற்றம், கடல் உள்வாங்கும் நேரம். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றும். நம் கரையில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டர் வந்தால் பெரிது. குஜராத்தில் பாவ்நகர் பக்கம் பத்து மீட்டரைத் தாண்டும். நமக்கு வாய்த்தது இவ்வளவுதான்.

24.2.2024, சனி, மாமல்லபுரம்

காலையிலேயே கிளம்பிவிட்டோம். காஞ்சிபுரம் வரை தூங்கினேன். வாலாஜாபாத் தாண்டி பாலாறு தெரிந்தது. காட்பாடிப் பாலத்தின் கீழ் பார்க்கிற அதே மணல்தான், கொஞ்சம் அகலம் கூட. இதே ஆறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் சேர்கிறது என்று சொன்னால் வேனில் இருந்த பிள்ளைகள் நம்பவில்லை.

கடற்கரை முழுக்கப் புடவைகள். நாலு குச்சி நட்டு, சுற்றிலும் புடவை கட்டினால் வீடு. வேலூர், திருவண்ணாமலை, திருவள்ளூர், செங்கல்பட்டு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். சாமான் இறக்க உதவிவிட்டு, மதியத்துக்கு மேல் தண்ணீர் நன்றாக இறங்கியதும் பாறைப் பக்கம் போனேன்.

எங்கள் ஊர் மலையில் இருக்கிற மாதிரிக் கருங்கல்தான். ஆனால் அங்கே ஓணான்கூடத் தங்காத வெயிலில் காய்கிறது, இங்கே ஓரங்குல இடம் காலியில்லை. மேல் விளிம்பில் மிளகு அளவு நத்தைகள், வாய் மூடியைச் சாத்திக்கொண்டு கிடந்தன. அதற்குக் கீழே வெள்ளையாகக் கொட்டலசு. அதற்கும் கீழே பச்சை ஓட்டுச் சிப்பிகள், நூல் விட்டுப் பாறையைக் கட்டிக்கொண்டு நெருக்கியடித்திருந்தன. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்நீர் வரும் சுரங்கத்துக்குள் படர்ந்து தொல்லை கொடுப்பதும் இதே இனம்தான். யாரோ கோடு போட்டுப் பிரித்த மாதிரி வரிசை. ஒவ்வொன்றுக்கும் மேல் எல்லையைப் பெரும்பாலும் வெயில் வகுக்கிறது. கீழ் எல்லையை வகுப்பது இடத்துக்கு அடித்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பிடித்துத் தின்பவர்களும்.

முதல் அரைமணி நேரம் பாறைக்குப் பாறை தாவினேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஆள் நிழல் பட்டதும் நண்டெல்லாம் இடுக்குக்குள் போய்விடுகிறது. அப்புறம் சட்டி அளவு குழி ஒன்றில் தண்ணீர் தேங்கியிருந்த இடமாகப் பார்த்துக் குந்திக்கொண்டேன்.

கொட்டலசு திறந்தது! சுண்ணாம்புக் கூட்டின் உச்சியில் இரண்டு கதவு விலக, உள்ளிருந்து மயிர் மாதிரிக் கால்கள் வெளியே வந்து ஒரு வீசு வீசி உள்ளே போயின. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. கல்லில் ஒட்டியிருப்பதால் சிப்பி வகை என்று நினைப்போம். அது நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தம். குஞ்சாக நீந்தி வந்து தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, மீதி ஆயுசு முழுக்கக் காலால் சோறு அள்ளித் தின்கிறது. டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு வருஷம் இதையே கட்டிக்கொண்டு அழுதார் என்று படித்தபோது சிரித்திருக்கிறேன். இன்று ஒன்றேகால் மணி நேரம் நகரவில்லை நான்.

குழியின் ஓரத்தில் பழுப்புப் பச்சையில் கடல் சாமந்தி. சுண்டு விரலால் தொட்டேன். விரலோடு ஒட்டிக்கொண்டு இழுத்தது, அண்ணாச்சி கடைக் கவரில் இருக்கும் பசை மாதிரி. அது ஒட்டலில்லை, கொட்டல். ஆயிரக்கணக்கான நுண்ணிய கொடுக்குகள். நம் தோல் தடிமன் என்பதால் தப்பிக்கிறோம்.

"இன்னா தம்பி, கல்லையே பாத்துகினு கீற?" அண்ணன் டீயோடு வந்திருந்தார். எழுந்தபோது கால் மரத்துப்போய்ச் சறுக்கி, முழங்கால் கொட்டலசு மேல். துருவுபலகையில் தேய்த்த மாதிரி இருக்கிறது. திரும்பும்போது அக்கா பெண்ணுக்காக அலை ஓரத்தில் கிடந்த சங்கு ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நெல்லிக்காய் அளவு, சாம்பல் வரி.

25.2.2024, ஞாயிறு, விடியற்காலை

மணலில் ஏழு படி கட்டி, பூ வைத்து, தேங்காய் உடைத்துப் பூஜை. பக்கத்தில் ஒரு கல்யாணமும் நடந்தது.

அண்ணன் மகன், ஒன்பது வயசு, பேய் நண்டு வளை காட்டினான். எல்லாக் குழியிலும் நண்டு இருக்காதாம். வாசலில் இறைத்த மணல் ஈரமாய்க் கறுத்திருந்தால் ஆள் உள்ளே, காய்ந்து வெளுத்திருந்தால் பழைய வீடு. எங்கள் புரொபசர் இதைச் சொல்லவில்லை. அலை திரும்பும் இடத்தில் அவனே கைவிட்டுத் தோண்டி, புளியங்கொட்டை மாதிரி வழுவழுவென்று ஒரு மணல் நண்டை எடுத்தான். பின்பக்கமாகவே மணலில் புதைந்து, அலை திரும்பும்போது இறகு போன்ற உணர்கொம்பை விரித்து, போகிற தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி. உள்ளங்கையில் விட்டால் அங்கேயும் பின்பக்கமாகத் தோண்டுகிறது. கூச்சம் தாங்கவில்லை.

27.2.2024, செவ்வாய், காட்பாடி

ஞாயிறு ராத்திரி பையைத் திறந்தபோது சங்கு நடந்தது. உள்ளே துறவி நண்டு, காலிச் சங்கில் குடியேறும் வகை. கடலிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, எங்கள் அடுப்படித் தரையில். பேர்தான் துறவி. வீட்டை மட்டும் விடாது.

"உப்புத்தண்ணி கரைச்சு விடுடா, கல்லுப்பும் கடல்லேந்துதானே வருது" என்றாள் அம்மா. லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கரைத்தேன். ஆனால் உப்பளத்தில் உப்பு விளைந்ததும் மிச்சமாகும் கசப்புத் தண்ணீரை வடித்துவிடுவார்கள், மக்னீசியத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். கரைத்தது உப்புத் தண்ணீர்தான், கடல் இல்லை. கிண்ணத்தில் காற்றும் போதாது. திங்கள் சாயங்காலம் பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தது. மென்மையான, ஒருபக்கம் சுருண்ட வயிறு. இன்று காலை அசைவில்லை. கறிவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்தேன். சங்கைக் கழுவி வைத்திருக்கிறேன். அக்கா பெண் கேட்டாள், தரவில்லை.

முழங்காலுக்கு டிடி ஊசி போட்டாயிற்று.

10.3.2024, ஞாயிறு, அமாவாசை

தனியாக, மூன்று பஸ் மாறிப் போனேன். அதே குழி. கொட்டலசு வீசிக்கொண்டிருந்தது. சாமந்தி இரண்டு விரற்கடை இடம் மாறியிருந்தது. நகராது என்று நினைத்திருந்தேன், மெதுவாக வழுக்கிக்கொண்டு போகுமாம்.

சங்கைத் தண்ணீருக்குள் வைத்தேன். பத்து நிமிஷத்தில் ஒரு துறவி நண்டு வந்தது, முதுகில் உடைந்த ஓடு. இடுக்கியை உள்ளே விட்டு அளந்தது. சங்கை உருட்டிப் பார்த்தது, மறுபடி அளந்தது. வாடகை வீடு பார்க்கப் போனால் அம்மா இப்படித்தான், குழாயைத் திறந்து மூடாமல் வரமாட்டாள். அப்புறம் விட்டுவிட்டுப் போய்விட்டது. பிடிக்கவில்லை போல.

இரண்டாவது ஒன்று, அதைவிடச் சின்னது, ஓரமாக வந்து நின்றது. அதற்குள் ஓதம் திரும்பிவிட்டது. முதல் அலை குழிக்குள் இறங்கி எல்லாவற்றையும் கலக்கியது. தண்ணீர் தெளிந்தபோது சங்கு அங்கேதான் கிடந்தது. நண்டு பாதி உள்ளே போயிருந்ததா, பக்கத்தில்தான் நின்றதா என்று குனிந்து பார்ப்பதற்குள் அடுத்த அலை. செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.