ஏற்காட்டிலிருந்து வந்த ஊமை வானொலி

ஏற்காட்டில் பெரியம்மாவின் வீடு சில ஆண்டுகளாகப் பூட்டியே கிடந்ததால், அங்கே அலமாரியில் இருந்த டிரான்சிஸ்டர் வானொலியைச் சென்ற மாதம் சேலத்துக்கு எடுத்து வந்தோம். உள்ளே பேட்டரிக் கட்டைகள் இரண்டும் ஊறிப் பிதுங்கியிருந்தன. புதியவற்றைப் போட்டும் அது வாய் திறக்கவில்லை. பழுதுபார்க்கும் கடையில் ஐசி (வானொலியை இயக்கும் சில்லு) போய்விட்டது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். ஆனால் பயன்படுத்தாமல் வைத்திருந்த வானொலியில் ஐசி தானாகப் பழுதாவது அரிது. கட்டைக்கும் மின்சுற்றுப் பலகைக்கும் இடையிலுள்ள உலோகம் அரிபடுவதே வழக்கம்.

சாதாரண கார்பன் கட்டையில் துத்தநாகக் குவளையே உறையாகவும் எதிர் மின்முனையாகவும் இருக்கிறது. சுவிட்சை அணைத்து வைத்திருந்தாலும் அந்தத் துத்தநாகம் மெல்ல அரிக்கப்பட்டு ஓட்டை விழும்போது, அம்மோனியம் குளோரைடோ துத்தநாகக் குளோரைடோ கரைந்த ஈரம் வெளியே கசிகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஊரில் அந்த உப்பு எங்கே காயப்போகிறது? கார்பன் கட்டையின் கசிவு அமிலத் தன்மையுடையது என்பதால் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவித் துடைத்தேன். அல்கலைன் கட்டை கசிந்திருந்தால் அது காரம். அதற்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ வேண்டும்.

முனைகள் பளிச்சென்று ஆன பிறகும் ஓசை இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் கட்டைகளில் 3.1 வோல்ட், கம்பிகள் பலகையில் சேரும் இடத்திலும் அதே 3.1 வோல்ட். பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்து ஐசியின் மேல் பழி போடுகிறார்கள். மீட்டர் ஏறத்தாழ மின்னோட்டமே எடுத்துக்கொள்ளாது. ஆகையால் மயிரிழை அளவு தொடர்பு மிஞ்சியிருந்தாலும் முழு வோல்ட்டையும் காட்டிவிடும். சுவிட்சைப் போட்டுவிட்டு அளந்தபோது கட்டைகளில் அதே அளவு நின்றது, பலகையில் மட்டும் 1 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. வானொலி இயங்கும் நிலையிலேயே மீட்டரின் ஒரு முனையைக் கட்டையைத் தொடும் ஸ்பிரிங்கிலும் மற்றொன்றை அதே கம்பியின் பலகை முனையிலும் வைத்தால், நல்ல கம்பியில் ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். இங்கே 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

அந்தக் கறுப்புக் கம்பியின் உறையைச் சீவிப் பார்த்தால், செம்பு இழைகள் நெடுகிலும் பச்சைப் பொடியாகியிருந்தன. கசிந்த நீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இழைகளுக்கிடையே ஏறிப் போயிருக்கிறது. வெளியுறையில் அதற்கான அடையாளமே இல்லை. அரித்த செம்பில் ஈயம் ஒட்டாது என்பதால் கம்பி முழுவதையும் மாற்றி, ஸ்பிரிங்கின் அடியை உப்புத்தாளால் தேய்த்துப் பற்றவைத்தேன்.

ஒலி வந்தது. ஒலிக்குமிழைத் திருகும்போது எழுந்த கரகரப்பு, அதைப் பலமுறை முழுச் சுற்றுச் சுற்றியதும் தணிந்தது. இப்போது 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி நிலையம் பகலிலேயே கேட்கிறது. கூடத்து எல்.இ.டி. விளக்கைப் போட்டால் மட்டும் இரைச்சல் வருகிறது. அது விளக்கின் குற்றம்.