28ஆம் தேதி காலியாக இருக்கிறது

டிசம்பர் 25 அன்று சென்னையில் இருக்கும் குழந்தைகள் இல்லங்களுக்குச் சோறு போட ஆள் தேடவே வேண்டாம். சனிக்கிழமைகளில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகும் இல்லம் பெரம்பூர்ப் பக்கம் இருக்கிறது. அங்கே ஆபீஸ் மேசையில் ஒரு நீள நோட்டு. யார், என்றைக்கு, எந்த வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று அதில் எழுதி வைப்பார்கள். பிறந்தநாள், கல்யாண நாள், திதி எல்லாம் அதில் உண்டு. போன வருஷம் தீபாவளி முடிவதற்குள்ளேயே 25ஆம் தேதிக்கு நேரே மூன்று வேளையும் நிரம்பிவிட்டது. அப்புறம் போன் செய்தவர்களிடம், இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர், "28ஆம் தேதி காலியா இருக்குங்க" என்பார். "அன்னைக்கு என்ன விசேஷம் சிஸ்டர்?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் இல்லைங்க, ஞாயித்துக்கிழமை." சரி, பார்த்துட்டுச் சொல்றோம் என்று வைத்துவிடுவார்கள்.

ராத்திரி தங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. வார்டன் அக்காவுக்கு செஞ்சிப் பக்கம் ஊர். வருஷா வருஷம் பண்டிகையை இல்லத்திலேயே கழித்தவர், தம்பி வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, இந்தத் தடவை போயே தீருவேன் என்றுவிட்டார். எனக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் முன்பே முடிந்திருந்தது. ஆனால் சிஸ்டர் நேரடியாகக் கேட்கவில்லை. "ஊருக்கு டிக்கெட் போட்டாச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். கேட்ட தினுசிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

டிக்கெட் போட்டாச்சு. அதுதான் சங்கடம். ரயிலில் முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்ததிலிருந்து, அக்டோபர் கடைசியில் ஒரு காலை எட்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு சாமியைக் கும்பிட வேண்டியிருக்கிறது. எனக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த்தே கிடைத்திருந்தது. பண்டிகை நேரத்து லோயர் பெர்த்தை கேன்சல் செய்வது எப்பேர்ப்பட்ட காரியம் என்று நாகர்கோவில்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அங்க பிள்ளையளுக்கு ஆளு இல்லேன்னா இருந்துட்டு வா மக்களே. ஆனா இங்க கொத்து உருட்ட யாரு இருக்கா?" என்றாள். எங்கள் வீட்டில் டிசம்பர் 20க்கு மேல் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் சுடுவது அம்மாவும் நானும்தான். 24 ராத்திரி கேரல் பார்ட்டி வந்து போன பிறகு படுத்தால், விடியற்காலை ஆராதனைக்கு மூன்றரைக்கே எழுப்பிவிடுவார்கள். வருஷா வருஷம் திட்டிக்கொண்டே செய்கிற வேலைகள் இவை. செய்ய முடியாது என்று ஆனதும் ஏன் தொண்டையை அடைக்கிறது, தெரியவில்லை.

அம்மா சும்மா இருக்கவில்லை. ஒரு பிஸ்கட் டின் நிறைய அச்சுமுறுக்கை அடுக்கி, வறுத்து உடைத்த சிறுபயறை ஒரு பையில் கட்டி, ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட்டாள். அதை வாங்க நான் கிளாம்பாக்கம் போனேன். பெரம்பூரிலிருந்து கிளாம்பாக்கம் போய்த் திரும்புவதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்ட மாலை எனக்குப் புதிது. 'அனாதை இல்லம்' என்று தெருவில் எல்லாரும் சொன்னாலும் அங்கே இருக்கிற நாற்பது பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அம்மாவோ பாட்டியோ அத்தையோ இருக்கிறார்கள். அப்பா குடித்தே போயிருப்பார், அம்மா வீட்டு வேலைக்குப் போவாள், வாடகை வீட்டில் வயசுப் பெண்ணைத் தனியே விட பயம். அப்படி வந்தவர்கள். லீவு விட்டால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியோடு வீட்டுக்குப் போவார்கள். அன்று மாலை கேட் அருகே ஒவ்வொரு அம்மாவாக வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். இருட்டும்போது பதினோரு பேர் மிச்சம். அவர்கள் யாரும் அழவில்லை. கேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மும்முரமாகப் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பெயர்களை எழுதப் போவதில்லை. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, இந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டும்படி பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். முன்பல் இரண்டும் இல்லாத ஆறு வயசுக்காரியை 'ஓட்டைப்பல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது படிக்கிறவளை 'பெரியவள்' என்று.

புதுத்துணி விஷயத்தில் சிஸ்டருக்கு ஒரு பிடிவாதம். மொத்தமாக ஒரே துணியை வெட்டி எல்லாருக்கும் ஒரே மாதிரி தைத்துப் போடக் கூடாது. "பேண்டு வாத்திய குரூப் மாதிரி வரிசையா நிக்க வேண்டாம்" என்பார். அதனால் பதினோரு பேரையும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குக் கூட்டிப்போனோம். அந்தக் கூட்டத்தில் தலைகளை எண்ணி எண்ணியே எனக்கு மூச்சு வாங்கியது. ஓட்டைப்பல், கறுப்பு நெட்டில் தங்க ஜிகினா வைத்த கவுனைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. குத்தும், அரிக்கும், ஒரு தடவை துவைத்தால் ஜிகினா கொட்டிவிடும் என்று கடைக்காரரே சொல்லிப் பார்த்தார். "கொட்டட்டும்" என்றாள். வாங்கினோம்.

24ஆம் தேதி மத்தியானம் முந்திரிக்கொத்து சுட, சமையல் அக்காவிடம் கெஞ்சி ஒரு அடுப்பை வாங்கினேன். அம்மா போனில், ஸ்பீக்கர் போட்டு, மசாலா டப்பாவின் மேல் சாய்த்து வைக்கப்பட்டாள். வெல்லப் பாகு காய்ந்ததும் பயற்றைக் கொட்டி, வறுத்த தேங்காய்ப்பூ, எள், ஏலக்காய், சுக்குப்பொடி போட்டுக் கிளற வேண்டும். சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். "இன்னாக்கா இது, லட்டா?" என்று கேட்டவள், ஒன்றை வாயில் போட்டுவிட்டு மூன்றை உருட்டினாள். கோலிக்குண்டு அளவு வர வேண்டியது ஒவ்வொருத்தி கையிலும் ஒவ்வொரு அளவில் வந்தது. மஞ்சள் போட்ட அரிசி மாவுக் கரைசலில் மூன்று உருண்டைகளைச் சேர்த்து முக்கி எண்ணெயில் விடும்போதுதான் சிக்கல். கரைசல் நீர்த்துப்போயிருந்தது. முதல் ஈட்டில் உருண்டைகள் பிரிந்து, பயறு எண்ணெய் முழுக்கப் பரவிக் கருகியது. சமையல் அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் எண்ணெயை வடிகட்டினார். அந்த மௌனம்தான் பயங்கரம். "மாவு போடு, இன்னும் போடு, தோசை மாவு மாதிரியா கலக்குவா?" என்று போனிலிருந்து அம்மா கத்த, பெரியவள் மாவைப் பிடுங்கிக் கெட்டியாக்கினாள். அடுத்த ஈடு பொன்னிறமாக வந்தது. ஊரில் தேங்காயெண்ணெயில் சுடுவோம், அந்த வாசனை இல்லை. மற்றபடி சரியாகத்தான் இருந்தது.

ராத்திரி பூசைக்கு லூர்து மாதா கோவிலுக்கு நடந்தே போனோம். நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைப் பெண், எங்களுக்கு நள்ளிரவுப் பூசைப் பழக்கம் கிடையாது. எப்போது உட்கார வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்பதை எட்டு வயசுக்காரி ஒருத்தி முழங்கையால் இடித்து இடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பூசை முடிந்து பாலன் இயேசு சுரூபத்தை முத்தமிட வரிசை நின்றபோது ஓட்டைப்பல் என் தோளில் தூங்கிவிட்டாள். ஜிகினா உண்மையிலேயே குத்துகிறது.

அப்புறம் 25. காலையில் ஒரு குழு, பத்து மணிக்கு ஒரு குழு, மதியம் இரண்டு. எல்லாரும் நல்ல மனசோடு வந்தவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாற்பது பேர் என்று கணக்குப் போட்டு வந்தவர்களுக்குப் பதினோரு பேரைப் பார்த்ததும் ஏமாற்றம். "மத்த பிள்ளைங்க எங்க?" வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றால், "வீடு இருக்கா?" நாற்பது பேருக்கான பிரியாணியைப் பதினோரு பேர் முன்னால் இறக்கினார்கள். ஒவ்வொரு குழுவும் கேக் கொண்டுவந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடி, ஒரு டான்ஸ் ஆடினார்கள். நாலாவது தடவை அதே டான்ஸை ஆடும்போது பெரியவளின் முகத்தில் சிரிப்பு ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நின்றது. பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்மஸ் தாத்தா ஒருவர் வந்தார், சின்னதுகள் இரண்டு அலறி ஓடிவிட்டன. செல்ஃபிக்குப் போனைத் தூக்கியவர்களிடம் சிஸ்டர் சுவரில் இருக்கும் போர்டைக் காட்டினார். "முகத்துல ஸ்மைலி ஒட்டிடறோம் சிஸ்டர்" என்று ஒருவர் பேரம் பேசினார்.

ஒரு அம்மா ஓட்டைப்பல்லின் கன்னத்தைத் தடவி, "உனக்கு யாருமே இல்லையாம்மா?" என்று கண்கலங்கக் கேட்டார். அவள் சாவகாசமாக, "இருக்காங்களே. நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள்.

ஐந்து மணிக்கு மேல் ஒருவரும் இல்லை. ஃப்ரிட்ஜில் இடமில்லாமல் ஆறு கேக்குகள் டேபிள் மேல் கிடந்தன. அதிகம் வந்த பிரியாணியை வாட்ச்மேன் தாத்தா பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ராத்திரி எதிர்பார்த்ததுதான் நடந்தது. ஒருத்தி வாந்தி, இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்து, பக்கெட்டைக் கழுவி, பாய் மாற்றி, மறுபடி பக்கெட் கழுவினேன். வார்டன் அக்கா வருஷா வருஷம் கொண்டாடிய கிறிஸ்மஸ் இதுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

26 காலையில் வாட்ச்மேன் தாத்தா லேட்டாகத்தான் வருவார். காசிமேட்டுக்காரர். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தத் தேதியில் கடலில் பாலும் பூவும் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார். அவர் வந்து கேட் பக்கம் உட்கார்ந்ததும் பிள்ளைகள் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு தட்டில் மிச்ச முந்திரிக்கொத்தை வைத்தார்கள், அவரும் சாப்பிட்டார்.

அன்று மதியம் ரசமும் அப்பளமும். பதினோரு பேரும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டதைப் பார்க்க வேண்டும்.

பத்து வயசுக்காரி ஒருத்திக்கு அன்றுதான் போன் வந்தது. அவள் தம்பி செங்கல்பட்டுப் பக்கம் பையன்களுக்கான இல்லத்தில் இருக்கிறான். அக்கா தம்பியாகவே இருந்தாலும் பையன்களையும் பெண்களையும் தனித்தனி இல்லங்களில்தான் வைப்பார்கள். 25ஆம் தேதி இரண்டு இடத்திலும் நாள் பூராவும் விருந்தாளிகள், பேச நேரமில்லை. ஆபீஸ் அறையில் நான் பக்கத்தில் இருந்தேன்.

"உங்களுக்கு என்ன?"

"பிரியாணி. உனக்கு?"

"பிரியாணிதான். மட்டன்."

"எங்களுக்கு சிக்கன். ஆனா ரெண்டு தடவ."

அவன் கொஞ்சம் யோசித்தான் போலிருக்கிறது. "எனக்கு ரிமோட் கார் குடுத்தாங்க. ஓடல. பேட்டரி இல்ல."

"நான் வாங்கித் தரேன்டா" என்றாள் என்னைப் பார்த்துக்கொண்டே. அப்புறம் பல் தேய்க்கிறாயா, சட்டைக்குப் பட்டன் இருக்கிறதா என்று வரிசையாக விசாரணை. அவன் எல்லாவற்றுக்கும் "ம்" போட்டான். வைக்கப் போகும் நேரத்தில், "அக்கா, நேத்து நான் ஆடினேன்" என்றான். "நானுந்தான்டா" என்றாள்.

பேட்டரி வாங்கிக் கூரியரில் அனுப்பியாகிவிட்டது. இரண்டு டபுள் ஏ.

ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். போன சனிக்கிழமை பெரியவளுக்குத் திரிகோணமிதி சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். பொங்கலுக்காவது வருவேனா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் எட்டிப் பார்த்து, "அக்கா எப்படி ஆன்ட்டி வருவாங்க, எனக்குத் திருப்புதல் தேர்வு இருக்கே" என்றாள்.

"அது யாரு, மாவு கெட்டியாக் கலக்கின பிள்ளையா?"

"ஆமா ஆன்ட்டி."

"நல்லா இரு மக்களே. உங்க அக்காகிட்ட அந்த பிஸ்கட் டின்ன மறக்காம கொடுத்துவிடச் சொல்லு."