சூட்டில் 5 இறாத்தல்

பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விழுந்து நின்றபோதுதான் முதலில் கண்டேன். காரின் ஸ்பீடோமீற்றருக்குள், எஞ்சின் ஒயில் பிரஷர் குறைந்தால் எரியும் ஒயில் லைற் மெல்லச் சிமிட்டியது. அக்சிலேற்றரைத் தொட்டதும் அணைந்தது, காலை எடுத்ததும் திரும்பச் சிமிட்டியது. வெள்ளவத்தைக்கு வந்து சேரும்வரை நிற்கிற இடமெல்லாம் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே வந்தேன்.

கார் அப்பாவுடையது. 1959 மொரிஸ் மைனர், ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் பிளேற், 948 சிசி எஞ்சின். அடுத்த நாள் ஒரு கராஜில் காட்டினேன். மெக்கானிக் பாஸ் பொனற்றைத் திறந்து அரை நிமிடம் காது கொடுத்துவிட்டு, "ஒயில் பம்ப் போச்சு தம்பி, எஞ்சின் இறக்கணும்" என்றார். இந்த எஞ்சினில் ஒயில் பம்ப் கேம்ஷாஃப்டின் பின்முனையில், ஃப்ளைவீலுக்கு உள்பக்கம் ஒளிந்துகொண்டிருக்கும். அதைத் தொட கியர்பொக்ஸ், கிளச், ஃப்ளைவீல் எல்லாமே கழல வேண்டும். அவ்வளவு பெரிய வேலையைக் காதால் கேட்டு முடிவு செய்கிறாரே என்று எனக்கு இடித்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் நானே ஒரு முட்டாள்தனம் செய்தேன். கார் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு புது ஒயில் பிரஷர் சுவிச் வாங்கி மாட்டினேன். லைற் நின்றுவிட்டது! மூன்று நாள் வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். நாலாம் நாள் சித்தப்பா வந்தார். இரத்மலானை ரயில்வே வேர்க்‌ஷொப்பில் ஃபிற்றராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"லைற் அணைஞ்சால் பிரஷர் ஏறிட்டுது எண்டு ஆர் சொன்னது?" என்றார்.

அந்தச் சுவிச்சுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கோடுதான். பிரஷர் (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று அளப்பது) சில இறாத்தலுக்குக் கீழே விழுந்தால் லைற்றை எரியவிடும். அந்தக் கோடு சுவிச்சுக்குச் சுவிச் மாறும். என் புதுச் சுவிச் பழையதைவிடக் கொஞ்சம் பொறுமைசாலி, அவ்வளவுதான். எஞ்சின் இருந்தபடியேதான் இருந்தது.

சித்தப்பா தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஒயில் கேஜைக் கொடுத்தார். சுவிச் இருந்த இடத்தில் ஒரு ரீ இணைப்புப் போட்டு, ஒரு கிளையில் சுவிச்சும் மறு கிளையில் கேஜின் குழாயும். குழாயின் இரண்டு முனையிலும் ஒழுக்கு இருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள், இல்லாவிட்டால் கொதிக்கிற ஒயில் உங்கள் காற்சட்டையில்தான் விழும். காலையில் ஸ்ராட் பண்ணியவுடன் பார்க்கிற கணக்கு எதற்கும் உதவாது, குளிர்ந்த ஒயில் தடிப்பாக இருப்பதால் எந்தக் கிழட்டு எஞ்சினும் நல்ல பிரஷர் காட்டும். மாலை நெரிசலில் காலி வீதியில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு, மரைன் டிரைவில் ஓட்டிப் பார்த்தேன். ஓட்டத்தில் 28 இறாத்தல், நிறுத்தி வைத்து ஐட்லிங்கில் 5. புத்தகக் கணக்கு ஓட்டத்தில் 60, ஐட்லிங்கில் 15. ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன்.

முதலில் ஒயில். டிப்ஸ்ரிக்கை மணந்து பார்த்தேன், பெற்றோல் மணம் இல்லை. காபரேற்றர் மிதவை சிக்கிப் பெற்றோல் வழிந்து, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்கினாலும் ஒயில் தண்ணீராகிவிடும். கையுறைப் பெட்டியில் கிடந்த கடைசி சேர்விஸ் பில்தான் காட்டிக்கொடுத்தது: 10டபிள்யூ-30. புதுக் கார்களுக்கான ஒயில், கொழும்பு வெயிலில் இந்தக் கிழவருக்கு மெல்லியது. ஃபில்டரையும் மாற்றி 20டபிள்யூ-50 ஊற்றினேன். ஓட்டத்தில் 34, ஐட்லிங்கில் 8. ஏதோ பரவாயில்லை.

அடுத்தது ரிலீஃப் வால்வ். எஞ்சினின் பின்பக்கம் குமிழ் போன்ற ஒரு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் கையில் வரும். பிரஷர் மிஞ்சும்போது ஒயிலைத் திருப்பிச் சம்புக்கு விடுவது இதன் வேலை. ஐட்லிங்கில் இது மூடியே இருக்க வேண்டும். ஆகவே ஸ்பிரிங் தளர்ந்தால் ஓட்டப் பிரஷர்தான் குறையும், ஐட்லிங் அவ்வளவாக அசையாது. பிளஞ்சர் சரியாக உட்காராவிட்டால் இரண்டுமே குறையும். உட்காருகிறதா என்று பார்க்க நீல மை வேண்டும். அது இல்லை, தங்கச்சியின் லிப்ஸ்ரிக் இருந்தது. பிளஞ்சரின் விளிம்பில் மெல்லப் பூசி, உள்ளே அழுத்திச் சுற்றாமல் எடுத்தேன். முழு வட்டமாக அழிந்திருக்க வேண்டிய சிவப்பு பிறைபோலப் பாதிதான் அழிந்திருந்தது. ஸ்பிரிங்கின் நீளம் 72.6 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், என்னுடையது 69.

பஞ்சிகாவத்தை நானாவிடம் மைனர் ஸ்பிரிங் இருக்கிறதா என்று கேட்டேன். "மைனருக்கு எல்லாம் இருக்கு தம்பி, மைனர்தான் இல்லை" என்றார். இரண்டு பெட்டியிலிருந்து எடுத்த ஸ்பிரிங்குகளைக் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்று மற்றதைவிடக் கட்டை! உயரமானதை அளந்து வாங்கினேன், புதுப் பிளஞ்சரும் சேர்த்து. 45, 11.

ஓட்டம் ஏறியது, ஐட்லிங் மட்டும் அடம்பிடித்தது. இனி மிச்சம், கிராங்ஷாஃப்ட் சுற்றுகிற பெயாரிங். தேய்ந்த பெயாரிங்கின் இடைவெளியால் ஒயில் வழிந்து ஓடும்போது, மெதுவாகச் சுற்றுகிற பம்பால் ஈடுகொடுக்க முடியாது. நல்ல காலம், மைனரில் சம்பைக் கழற்ற எஞ்சினை இறக்கத் தேவையில்லை. சித்தப்பாவும் நானும் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறையில் காருக்குக் கீழே படுத்தோம். முதல் பிக் எண்ட் (பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடம்) மூடியைக் கழற்றி, ஷெல் என்கிற பெயாரிங் தகட்டைத் துடைத்தால், சாம்பல் நிறம் இருக்க வேண்டிய இடத்தில் செம்பு பளபளத்தது. நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து நசுக்கிப் பார்த்தோம். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் இரண்டரைப் பங்கு வரை இருக்கலாம், எங்களுடையது நாலு. கிராங்கை மைக்ரோமீற்றரால் அளந்தோம், வட்டம் கெடவில்லை.

ஷெல்லின் முதுகில் 010 என்று அடித்திருந்தது. அதாவது கிராங்கை முன்பே ஒருமுறை அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு அரைத்திருக்கிறார்கள். எப்போது என்று அப்பாவைக் கேட்டேன், ஞாபகம் இல்லை என்றார். குசினிக்குள் இருந்து அம்மா சொன்னா: "நீ பிறந்த வருசம். எனக்கு நோவெடுக்கேக்க கார் கராஜில. நான் ரக்ஸியில போனன்."

அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார்.

010 ஷெல்கள் நாலு சோடி, புதுப் பூட்டுத் தகடுகள், 35 அடி-இறாத்தல் இறுக்கம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜில் முள் எழும்பும்வரை ஸ்ராட்டரால் சுற்றிவிட்டுத்தான் எஞ்சினை எழுப்பினோம். அதே காலி வீதி, அதே நெரிசல்: 52, 18.

கிராங்கைத் தாங்கும் மெயின் பெயாரிங்கைத் தொடவில்லை. போய்விட்டதாகச் சொல்லப்பட்ட பம்ப் இன்னும் உள்ளேதான் சுற்றுகிறது. கேஜ் டாஷ்போட்டுக்குக் கீழே ஒரு கம்பியில் தொங்குகிறது. சித்தப்பா இன்னும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.