குட்டிச் சிப்பாய்களும் ஒரு மாட்டுவண்டியும்: கிளிநொச்சி நாட்குறிப்பு

2025 ஓகஸ்ட் 3, ஞாயிறு

சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி விளையாடுகிற எங்கள் சண்டை விளையாட்டுச் சந்திப்புக்கு மண்டபம் சரிவந்துவிட்டது. 23, 24 இரண்டு நாளும் எங்களுக்கு. மேசையும் கதிரையும் வாடகைக்கு எடுக்க வேணும். காற்றாடி இருக்கிறது, ஆனால் மேசைகளுக்கு நேர் மேலே. கடதாசிப் படை வைத்திருக்கிறவர்களுக்கு அது கூடாது. ஒரு சுற்று சுற்றினால் முன்வரிசை முழுக்க நிலத்தில் கிடக்கும். சோளகமும் பிடுங்கியடிக்கிற மாதம். யன்னல் பக்கம் பெயின்ற் அடிக்கிற மேசை, உட்பக்கம் விளையாட்டு மேசைகள் என்று படம் கீறி வைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வோர்ஹாமர் என்ற கற்பனை உலகச் சண்டை விளையாட்டுப் பெடியள் வருகிறார்கள். மன்னார், வவுனியா ஆட்களும் ஓம் என்றுவிட்டார்கள். திருகோணமலையிலிருந்து இரண்டுபேர் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வன்னியில் இப்படி ஒன்றுகூடி மேசை போட்டு விளையாடப் போகிறோம் என்று நினைக்கவே உடம்பு சிலிர்க்கிறது.

திறப்பைத் தரும்போது மண்டபத்துக்குப் பொறுப்பான அம்மா கேட்டா: "தம்பி, சண்டை விளையாட்டாமே? எந்தச் சண்டை?"

"1803, அம்மா. பண்டாரவன்னியன்ர காலம்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தா. "அப்ப சரி" என்று திறப்பைக் கையில் வைத்தா.

அவ கேட்டது சரியான கேள்வி. எங்களுக்குள் முதலே ஒரு முடிவு இருக்கிறது: மண்டபத்துக்குள் நிற்கிற யாராவது உயிரோடு கடந்துவந்த சண்டை எதுவும் மேசைக்கு வராது. மருமகனுக்கு அது விளங்கவில்லை. இரண்டாம் உலகப் போரை உலகம் முழுக்க விளையாடுகிறார்கள்தானே மாமா, நாங்கள் ஏன் எங்களுடையதை விளையாடக் கூடாது என்று கேட்டான். அவன் 2010இல் பிறந்தவன். விளையாடுகிறவன் விரும்பி வந்து மேசைக்கு முன்னால் நிற்கவேணும், அந்தச் சண்டைக்கு இங்கே ஒருவரும் விரும்பிப் போய் நிற்கமாட்டார்கள் என்று சொன்னேன். யோசிக்கிறான். யோசிக்கட்டும்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

மாங்குளத்தால் திரும்பி ஒட்டுசுட்டான் போய், அங்கிருந்து கற்சிலைமடு. மேசையில் ஒரு நிலத்தை அமைக்கமுன் அதில் கால்வைத்து நடக்கவேணும் என்பது என் பிடிவாதம்.

1803 ஓகஸ்டில் வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன், ஆங்கிலேயர் கையில் இருந்த முல்லைத்தீவை அடித்துப் பிடித்தான். காவற்படை கடலால் யாழ்ப்பாணத்துக்குத் தப்பி ஓடியது. அந்த வருடம் ஆனி மாதம்தான் கண்டியில் இருந்த ஆங்கிலப் படையும் சரணடைந்து அழிந்திருந்தது; வெள்ளைக்காரருக்கு எல்லாப் பக்கமும் இடி. பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று திக்கிலிருந்தும் படை வந்தது. ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயரின் கப்டன் வொன் ட்ரிபேர்க்கின் படை வன்னியனைத் தோற்கடித்தது. வெற்றிக்கு அவர்களே கல்லும் நட்டார்கள், அதனால்தான் திகதி இவ்வளவு திருத்தமாக நிற்கிறது.

பள்ளிக்கூட மேடைகளில் இந்தக் கதை வீரமும் துரோகமும் என்று இரண்டு வசனத்தில் முடிந்துவிடும். நிலத்தில் நின்று பார்த்தால் வேறு கேள்விகள் வருகின்றன. மூன்று பக்கத்தாலும் ஆள் வரும் என்றால் வேவுக்காரரை எங்கே நிறுத்துவது? பாலையும் வீரையும் முதிரையுமாக நிற்கிற காட்டுக்குள் எத்தனை அடிக்கு அப்பால் ஒரு மனிதன் தெரிவான்? ஒக்டோபர் கடைசி, முதல் மழை விழுந்திருந்தால் வெடிமருந்து நனைந்திருக்கும், வாய்க்கால் ஓடத் தொடங்கியிருக்கும். இதையெல்லாம் கையால் நகர்த்திப் பார்க்கத்தான் இந்த விளையாட்டு.

வரும் வழியில் மரக்காலையில் ஒரு பை மரத்தூள். சல்லடையில் அரித்து, பச்சை பெயின்றும் தண்ணீரும் கலந்து பிரட்டி, பேப்பரில் காயவிட்டால் முதல்தரமான புல். வெளிநாட்டில் இதைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள்.

ஓகஸ்ட் 13, புதன், இரவு

செங்கோட்டுச் சிப்பாய்கள், அதாவது சிவப்புக் கோட் போட்ட ஆங்கிலப் படை. 28 மில்லிமீற்றர் உயரம், முகம் ஒரு பயற்றங்கொட்டை அளவு. முதலில் கறுப்பு. அதன்மேல் மண்ணிறம் கலந்த சிவப்பு. மடிப்புகளில் அதை விட்டுவிட்டு மேட்டில் மட்டும் நல்ல சிவப்பு; தோளில் துளி செம்மஞ்சள். குறுக்குப் பட்டிகளுக்கு நேரே வெள்ளை வைத்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கும்; சாம்பல் நிறத்தில் கோடிழுத்து, ஓரம் விட்டு நடுவில் வெள்ளை. அப்போது இலங்கையில் இருந்த 19ஆவது ரெஜிமென்ற்றுக்குக் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் பச்சை. அந்தப் பச்சையை வைத்தவுடன் பொம்மைக்கு உயிர் வருகிறது. எல்லாரும் வெள்ளைக்காரர் இல்லை. ஆங்கில அரசின் படையில் மலாய்க்காரரும் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அதனால் முகத்துக்கு மூன்று நிறம் கலந்து வைத்திருக்கிறேன்.

வன்னிப் படை கடையில் கிடைக்காது. வேறு பொம்மைகளின் காற்சட்டையைச் சுரண்டி, ஹாட்வெயாரில் விற்கிற இரண்டு கூறுப் புட்டியைக் குழைத்து வேட்டி மடிச்சுக்கட்டி விட்டேன். ஈட்டிக்கு வயர் பிறஷின் கம்பி.

கடைசியாக மாட்டுவண்டி. ஐஸ்கிறீம் குச்சியில் தட்டு, பெரிய சட்டைத் தெறியில் சில்லு, கடுகு அளவில் மூட்டைகள். வண்டிக்குப் பின்னால் நடக்க ஒரு பெண், தலையில் பொட்டலம், இடுப்பில் பிள்ளை. இந்த ஒரு பொம்மைக்கு ஒரு செக்‌ஷன் சிப்பாய்களுக்கு எடுத்த நேரத்தை எடுத்தேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

விதித்தாள் எழுதும் நாள். கணக்கு ரீச்சர் நடுவராக இருக்கச் சம்மதித்துவிட்டா. 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி தன் தகப்பனின் விளையாட்டைத் திருத்திப் படைக்குக் கொடுத்தபோது நடுவரைத்தான் நடுநாயகமாக வைத்தார். இரண்டு பக்கமும் தனித்தனியே இருந்து கட்டளை எழுதிக் கொடுக்கும். எதிரி கண்ணுக்குத் தெரியக்கூடிய தூரத்துக்கு வந்தால் மட்டும் நடுவர் வரைபடத்தில் கட்டையை வைப்பார். கற்சிலைமடுவுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. இருட்டோடு வருகிற படையை மேசையில் எல்லாருக்கும் தெரிய வைத்துவிட்டு என்ன விளையாட்டு?

ஆறடிக்கு நாலடி மேசை. ஆள் ஒரு முறைக்கு 6 அங்குலம், காட்டுக்குள் 3. வண்டி பாதையில் 4, காட்டுக்குள் ஏறாது. துவக்கு 12 அங்குலம். ஆனால் பாதித் தூரத்துக்கு மேல் தாயக்கட்டையில் ஆறு விழுந்தால்தான் சூடு. அந்தக் காலத்து மஸ்கற் துவக்கு நூறு யார் தூரத்துக்கு மேல் ஒருவனைக் குறிபார்த்துச் சுட உதவாது. நல்ல பயிற்சி இருந்தால் நிமிடத்துக்கு மூன்று வெடி. மூன்று சீட்டுக்களை நடுவர் கலக்கி எடுப்பா. எந்தத் திக்குப் படை முதலில் வரும் என்று ஒருவருக்கும் தெரியாது.

புள்ளிகளில்தான் நீண்ட நேரம் இழுபட்டோம். நான் கேட்டது இது: ஊரைப் பிடித்தால் 2 புள்ளி, மேசையை விட்டுச் சனம் பத்திரமாக வெளியேறினால் வண்டிக்கு 3. எனக்குத் தெரிந்த விளையாட்டுகளில் பெரும்பாலும் ஊர் என்றால் வெறும் வீடுகள்தான், உள்ளே ஒரு குருவியும் இல்லை. வன்னியில் இருந்துகொண்டு அப்படி ஒரு மேசையை என்னால் போட முடியாது. ரீச்சர் தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த 3ஐச் சுற்றி வட்டம் போட்டா.

ஓகஸ்ட் 22, வெள்ளி

ரெஜிபோம் வெட்டி, பைண்டர் கம் பூசி, குளக்கட்டு ஒட்டியாகிவிட்டது. நாயுண்ணிப் பற்றையின் காய்ந்த கொப்புகள்தான் காடு. நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு யாழ்ப்பாணத்தார் இன்றே வந்து இறங்கிவிட்டார்கள். நித்திரை வராது.

ஓகஸ்ட் 23, சனி

காலை ஒன்பதுக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. எல்லா மேசையையும் பற்றி எழுத நேரமில்லை. வோர்ஹாமர் மேசையில் ரெசினில் அச்சடித்த படைகள் அபாரம். வவுனியா அண்ணை இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில் டிபிஏ என்ற பழங்காலப் போர் விளையாட்டுப் போட்டார்: 1990இல் பில் பார்க்கர் வெளியிட்ட விதிகள், ஆளுக்குப் பொம்மைகள் ஒட்டிய 12 தட்டு, நாலு தட்டுப் போய், அது எதிரி இழந்ததைவிடக் கூடுதலாகவும் இருந்தால் தோல்வி, ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். முறைக்கு ஒரு தாயக்கட்டை உருட்டி, விழுந்த அளவுக்குத்தான் படையை நகர்த்தலாம். ஒன்று விழுந்தால் யானை ஒரு பக்கம், தலைவன் ஒரு பக்கம் திகைத்து நிற்கவேண்டியதுதான். அதன் படைப்பட்டியலில் பழைய தமிழ்ப் படையும் சிங்களப் படையும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. அதைப் பார்த்த பெடியள் கன நேரம் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் மேசையில் மன்னார்ப் பெடியன் வன்னியன் பக்கம். வேவுக்காரர் அத்தனைபேரையும் முல்லைத்தீவுப் பாதையில் நிறுத்தினான். சீட்டு மன்னார்ப் படைக்கு விழுந்தது! சொந்த ஊர்ப் பக்கத்தால் ஆள் வருவதை அவன் எதிர்பார்க்கவேயில்லை. ரீச்சர் ஒரு சொல் சொல்லாமல் செங்கோட்டுக்காரரைக் குடிசைகளுக்கு 5 அங்குலத்தில் வைத்தா. கூடி நின்றவர்கள் எல்லாரும் "ஐயோ" என்றார்கள்.

அப்போதுதான் அந்த ஐயா வந்தார். ஒட்டுசுட்டான் பக்கத்தவர், பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவர். மேசையைச் சுற்றி ஒருதரம் நடந்தார். பெடியன் வண்டியைக் குளக்கட்டின் மேல் ஏற்றிவிட்டிருந்தான். அதுதான் குறுக்குப் பாதை.

"தம்பி, கட்டால போகாதையும்" என்றார் ஐயா. "கட்டு உயரம். வெட்டவெளியா எல்லாருக்கும் தெரியும். கீழ வாய்க்காலோட இறக்கும். கட்டு மறைச்சுக்கொள்ளும்."

"வாய்க்காலுக்க வண்டி இழுக்காது, ஐயா. விதிப்படி 2 அங்குலம்தான்."

"பாரத்தோட இழுக்காதுதான். மூட்டையைத் தள்ளிவிடும். முதல் நெல்லைத் தள்ளுறது, பிறகு பாத்திரம் பண்டம். தண்ணிக் கானைக் கடைசிவரைக்கும் விடக்கூடாது."

சொல்லிக்கொண்டே சுட்டுவிரலால் ஒரு கடுகு மூட்டையைத் தட்டிவிட்டு, வண்டியைக் கட்டிலிருந்து தூக்கி வாய்க்காலுக்குள் வைத்தார். பெண் பொம்மையை வண்டிக்குப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் வைத்தார். அதை ஐயா எங்கே படித்தவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரீச்சர் பேனையை எடுத்து விதித்தாளில் எழுதினா: ஒரு மூட்டையை விட்டால் வண்டிக்கு 2 அங்குலம் கூட.

சண்டையில் பெடியன் தோற்றான். வண்டி தப்பியது.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

இன்று வன்னியன் பக்கத்துக்கு ஏ.எல். படிக்கிற பிள்ளை ஒருத்தி வந்தா. முன்பின் விளையாடியதில்லை. விதித்தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு முதல் கட்டளையை எழுதி நீட்டினா: சனம் முழுக்கக் காட்டுப் பாதைக்கு, படை வாய்க்கால் கரையில் நின்று மறிக்க, ஊரைக் காப்பாற்ற ஒருவரும் வேண்டாம்.

எதிர்ப்பக்கம் வவுனியா அண்ணை. மூன்று படையும் வந்து சேர்ந்து, அணிவகுத்து, ஊருக்குள் நுழைந்தன. உள்ளே ஒருவரும் இல்லை. கரையில் நின்றவர்கள் இரண்டு வெடி வைத்துவிட்டுக் காட்டுக்குள் பின்வாங்கினார்கள். கடைசி வண்டி மூட்டைகள் எல்லாவற்றையும் விட்டு, கானோடு மட்டும் மேசையின் ஓரத்தைக் கடந்தது.

"ஊரைப் பிடிச்சிட்டன். வெற்றி எனக்குத்தான்" என்றார் அண்ணை.

"இல்லை அண்ணை, புள்ளியை எண்ணிப் பாருங்கோ" என்றா பிள்ளை, நல்ல மரியாதையாக.

எண்ணினோம். அவதான்.

அண்ணைக்கு மனம் ஆறவில்லை. சண்டை விளையாட்டில் சண்டை பிடிக்காதவர் வெல்வதா என்று சாப்பாட்டு நேரம் முழுக்க வாதாடினார். அவர் நல்ல விளையாட்டுக்காரர், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் அடித்தபடியால்தான் இன்று அவனைப் பற்றிக் கதைக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை எழுதிய முதல் கட்டளையைப் போல ஒன்றை வேறு எந்த மேசையிலும் நான் கண்டதில்லை. அந்தத் தாளை விதித்தாளோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறேன்.

பின்னேரம் பெயின்ற் மேசையில் சின்னப் பிள்ளைகள். மண்டபத்து அம்மாவும் வந்து ஒரு தூரிகையை எடுத்து மாட்டுக்குச் செவலை நிறம் அடித்தா. கொம்புக்கு என்ன நிறம் என்று என்னிடம் கேட்கவில்லை. தனக்குத் தெரியும் என்றா.

ஓகஸ்ட் 25, திங்கள்

இன்றுதான் முல்லைத்தீவு வெற்றியை நினைவுகூருகிற நாள். வவுனியாவில் சிலைக்கு மாலை போட்ட படத்தை அண்ணை அனுப்பியிருந்தார். கீழே, ஊருக்கு 2 புள்ளி போதாது, 4 வேணும் என்று நீண்ட செய்தி. ரீச்சர் பதில் போட்டிருக்கிறா: 4 தரலாம், அப்படியென்றால் வண்டிக்கு 6. இன்னும் முடியவில்லை.

ஐயாவின் மூட்டை விதியைத் திருத்தி எழுதிவிட்டேன். முதல் மூட்டைக்கு 2 அங்குலம், இரண்டாவதுக்கு 1, தண்ணீர்க் கானை விட்டால் ஒன்றுமில்லை. திருகோணமலைப் பெடியள் தாளைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், தங்கள் பக்கத்துப் படையை நன்றாக வர்ணம் அடித்துக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள்.

அடுத்தது முல்லைத்தீவு. கடற்கரை மேசை வேணும். காவற்படை ஏறித் தப்ப வள்ளங்களும் வேணும். மன்னார்ப் பெடியனின் தகப்பன் வள்ளம் செய்கிறவர், சின்னதாகச் செய்து தரலாம் என்றாராம். 28 மில்லிமீற்றர் ஆட்கள் ஆறுபேர் இருக்கக்கூடிய அளவை நாளைக்கு அவருக்கு அனுப்பவேணும்.