மூன்றாவது ஆள்

துபாய் அல் கூஸ் பக்கம் ஒரு டைல்ஸ் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். உள்ளேயே ஒரு போர்ட்டா கேபின், அதில் மூன்று பேர்: நான், எனக்கு மேலே இருந்த காயல்பட்டினத்துக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), சரக்கு ஏற்றி இறக்கும் நேபாளி ஒருவர். காக்கா மேல் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. தமிழில் பேசிக்கொண்டே இருப்பார், நேபாளி வந்து உட்கார்ந்ததும் சட்டென்று இந்திக்கு மாறிவிடுவார். ஊரில் மழை பெய்த கதையைக்கூட இந்தியில்தான் சொல்வார். எனக்கோ அரைகுறை இந்தி. நாம் இரண்டு பேர் பேச எதற்கு இது என்று உள்ளுக்குள் கடுப்பாக இருக்கும்.

ஒரு ஆகஸ்ட் மாதம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம், அதனால் அந்த நேரத்தில் எல்லாரும் ஏசிக்குள்தான். நானும் நம்ம ஊர் டிரைவர் ஒருவரும் சாப்பிட்டுக்கொண்டே தமிழில் கதையளந்துகொண்டிருந்தோம். மூலையில் நேபாளி பருப்பும் சோறும் பிசைந்துகொண்டிருந்தார். டிரைவர் ஏதோ சொல்ல, நான் விழுந்து விழுந்து சிரித்தேன், சிரித்த வேகத்தில் என் கண் நேபாளி பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான். பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிக்கொண்டு அந்த வெயிலில் எழுந்து வெளியே போய்விட்டார். அவரைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எங்களுக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்?

காக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அங்கே ஒன்றும் சொல்லவில்லை. இரவு ரூமுக்குத் திரும்பும்போது வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். "தம்பி, இப்னு உமர் (ரலி) அவர்களிடம் ஒருத்தர் இரகசியம் பேச வந்த கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தார். முவத்தா என்ற நபிமொழித் தொகுப்பில் வருவது அது. நபித்தோழரான இப்னு உமரும் அவரோடு ஒருவரும் மட்டும் இருக்கிறார்கள், அப்போது மூன்றாவதாக ஒருவர் வந்து தனியாகப் பேச வேண்டும் என்கிறார். இப்னு உமர் உடனே எழுந்து போகவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டு நான்கு பேராக்கி, முதலில் கூட இருந்தவரையும் கூப்பிட்டவரையும் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொன்ன பிறகுதான் பேசினார். ஒருவரை விட்டுவிட்டு இருவர் இரகசியம் பேசக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றாராம்.

மூவர் இருக்கையில் இருவர் இரகசியம் பேசினால் மூன்றாமவருக்கு மனம் வருந்தும் என்ற ஹதீஸை மதரஸாவில் ஓதியவன்தான் நானும். ஆனால் இரகசியம் என்றால் காதுக்குள் பேசுவது என்றே நினைத்திருந்தேன். அடுத்தவருக்குத் தெரியாத மொழியில் பேசுவதும் இதில்தான் சேரும் என்று அறிஞர்கள் சொல்லியிருப்பதை அன்றைக்குத்தான் காக்கா வாயால் கேட்டேன். ஹயா, அதாவது வெட்கம், ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு கிளை என்பார்களே, அதையும் உடுப்போடும் பார்வையோடும் நிறுத்தி வைத்திருந்தேன். காக்கா நினைத்திருந்தால் டிரைவர் முன்னாலேயே என்னைத் திருத்தியிருக்கலாம், அப்படிச் செய்திருந்தால் நான் வீம்புக்காவது எதிர்த்துப் பேசியிருப்பேன். நான் கூனிப்போகக் கூடாது என்று ஆறு மணி நேரம் வாயை அடக்கி வைத்திருந்தாரே, அதற்கு என்ன பெயர்? (இப்போது இருக்கும் ஆபீஸில் எட்டுப் பேருக்கு ஒரு வாட்ஸாப் குரூப், அதில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு ஏழு பேருக்கு இன்னொன்று. காக்கா பார்த்தால் என்ன சொல்வாரோ.)

மறுநாளிலிருந்து நானும் இந்தியில் இறங்கினேன். 17 பெட்டி இறக்க வேண்டும், 'சத்ரா' என்பதற்குப் பதில் 'சத்தர்' என்றுவிட்டேன், அது 70. நான் டெலிவரி நோட்டோடு திரும்பி வரும்போது நேபாளி முப்பதைத் தாண்டியிருந்தார். விஷயம் புரிந்ததும் லாரியோடு வந்திருந்த இன்னொரு நேபாளியிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்தார் போல, உடனே அதையே இந்தியில் எனக்கும் சொன்னார்: "விட்டால் நீங்கள் கிடங்கையே காலி பண்ணச் சொல்வீர்கள் என்றேன், வேறொன்றுமில்லை."