விறாந்தைக் கப்பும் வாடைப்பக்கச் சுவரும்: வேலை இதுவரை

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்து மண்வீடு. விறாந்தை நீளம் 21 அடி, முன்வரிசையில் 7 அடிக்கு ஒன்றாக நாலு கப்பு (மரத்தூண்). நாலும் பழைய வீடு பிரித்த பாலைமரக் கப்பு. காட்டில் புதுமரம் தறிக்க அனுமதி வேண்டும். அதோடு, பல வருசம் காய்ந்த பாலை இனி முறுகாது.

பழைய கப்பை வாங்கும்போது அடியைத்தான் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் ஆழத்தில் இருந்த பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உக்குவது நிலமட்டத்தை ஒட்டி மேலும் கீழும் அரை அடி. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் அதுதான். சுத்தியலால் தட்டினால் வைரம் (மரத்தின் கடினமான உள்பகுதி) கணீரென்று சொல்லும், உக்கினது பொத்தென்று கேட்கும். வைரத்தைச் சுற்றியிருக்கும் மெதுவான வெளிப்புற வெள்ளையைக் கறையான் தின்னும், வைரத்தைத் தொடாது. அதனால் அடி ஒரு முழத்துக்கு வெள்ளையைச் செதுக்கி எடுத்தாயிற்று.

உக்கின அடியை வெட்டியதில் கப்பு குட்டையாகிவிட்டது. திரும்ப மண்ணில் நடாமல் கல்லில் ஏற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். கருங்கல் 12 அங்குலச் சதுரம், 18 அங்குல உயரம். 6 அங்குலம் நிலத்துக்குள், மீதி வெளியே. கல்லில் குழி தோண்டிக் கப்பை இறக்கினால் பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் மாரியில் அந்தக் குழியே கிண்ணம்போல் தண்ணீர் பிடிக்கும். இங்கே கல்லின் மேற்பக்கத்தை விளிம்புநோக்கிச் சற்றுச் சரித்து, கப்பு குந்தும் நடுவை மட்டும் மட்டமாக விட்டு, 12 மில்லிமீற்றர் கம்பி ஒன்று: கல்லுக்குள் 6 அங்குலம் சீமெந்துச் சாந்தில், கப்புக்குள் 4 அங்குலம். பாலையில் துளை போடுவது பொறுமைக்கு வேலை. இடைக்கிடை துளைப்பானை வெளியே எடுத்துத் தூளைத் தட்டாவிட்டால் அலகு கருகும்.

கப்புகளுக்கு மேலே குறுக்கே கிடப்பது பனை வளை. இரண்டு துண்டின் மூட்டு கப்புக்கு நேர்மேலேதான் வர வேண்டும். இடையில் வந்தால் ஓட்டுப் பாரத்தில் தொய்யும். பனையில் துளையிடாமல் ஆணி அடித்தால் நாரோடு பிளந்துவிடும்.

சுவருக்கு நிலைக்கம்பு 2 அடிக்கு ஒன்று, இருபக்கமும் 6 அங்குலத்துக்கு ஒரு வரிச்சு (குறுக்கே கட்டும் மெல்லிய தடி), கட்டு தும்புக்கயிறு. மண்ணைக் குழைக்க முன் சோதித்தே ஆக வேண்டும். இரண்டடி நீளம், ஒன்றரை அங்குல அகல ஆழமுள்ள பலகைப் பெட்டியில் ஈரமண்ணை இறுக்கி நிழலில் காய விட்டால், நீளம் ஓர் அங்குலத்துக்கு மேல் சுருங்கினால் களி கூடிப்போயிற்று. மணல் சேர்த்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கக் கரிசல்மண்ணைத் தனியே வைத்துச் சுவர் எழுப்பினால் விரல் போகிற வெடிப்பு வரும். முதல் பூச்சு வெடிப்பது குறையல்ல, இரண்டாவது பிடிக்கிறதுக்கு அது நல்லது. ஆனால் முதலாவது உள்வரை காயாமல் இரண்டாவதைப் பூசினால் இரண்டும் சேர்ந்து கழரும். மேலே சாணமும் நொய்மணலும் கலந்த மெழுகல் போதும். சீமெந்துப் பூச்சு வேண்டவே வேண்டாம்: மண்ணின் ஈரம் வெளியேற வழியில்லாமல், பூச்சு பலகையாக உரியும்.

மிச்சம் வாடைப்பக்கம், அதாவது வடக்குப் பக்கம். கார்த்திகை மழை அந்தப் பக்கத்தால்தான் அடிக்கும். இறவாணம் (கூரையின் வெளிவிளிம்பு) இரண்டரை அடி நீட்டியும் தூவானம் சுவரின் அடியைத் தொடும். அதைத் தடுக்க, கிடுகை (பின்னிய தென்னோலை) சுவரோடு ஒட்டாமல் 3 அங்குலம் தள்ளித் தனிச்சட்டத்தில், கீழிருந்து மேலாக, மேல்வரிசை கீழ்வரிசையில் பாதியை மூடும்படி கட்ட வேண்டும். அடிவரிசை நிலத்திலிருந்து அரை அடி உயரத்தில் நிற்கட்டும். நிலத்தைத் தொட்டால் கறையான் அதிலேயே ஏறி வரிச்சுக்குப் போய்விடும்.